அம்பர் என்று இரண்டு வாங்கினேன்: ஒன்றில் சோப்பு பழுப்பானது, இன்னொன்றில் வாசனையே வரவில்லை

சோப்புக்கூடம் | திங்கள், காலை 10.15

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டில் வீட்டிலேயே சோப்பு செய்து விற்கிறேன், மூன்று வருடமாக. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், காஸ்டிக் சோடா. சூடாக்காமல் ஊற்றி ஆறு வாரம் காயவைக்கும் முறை.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் தன் மகன் கல்யாணத்துக்கு நூறு சோப்பு கேட்டார். "பையன் போடுகிற சென்ட் மாதிரி அம்பர் வாசனை வேண்டும்" என்றார். இணையக் கடை ஒன்றில் இரண்டு பொருள் வாங்கினேன். முதலாவது "அம்பர் ஆயில்". இனிப்பாக, பாயசம் கொதிக்கிற மாதிரி மணம். சோப்பில் ஊற்றி நான்காம் நாள் பார்த்தால் கட்டி முழுக்கக் காப்பிப்பொடி நிறம். இரண்டாவது "அம்பர் கிரிஸ்டல்", 5 கிராம் வெள்ளைப் பொடி. விலை முதலாவதைப் போலப் பல மடங்கு. டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தேன். ஒன்றும் வரவில்லை. கடையில் கேட்டால் "உங்கள் மூக்கில்தான் கோளாறு" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்கள். அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது, அது என் ஒரு மாத லாபம்.

இதற்கு நடுவில் என் சித்தப்பா மகன் "அம்பர் என்றால் திமிங்கலத்தில் வருவது, வைத்திருந்தாலே கேஸ்" என்கிறான். இப்போது அந்த டப்பாவை வீட்டில் வைத்திருக்கவே பயமாக இருக்கிறது. யாராவது விளக்கமாகச் சொல்லுங்கள்.


மூலக்கூறு | திங்கள், காலை 11.40

முதலில் பயத்தை விடுங்கள் அக்கா. வெள்ளைப் பொடிக்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை. வாசனைப் பொருள் ஆய்வுக்கூடத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

குழப்பத்துக்குக் காரணம் அந்தச் சொல்தான். "அம்பர்" என்ற ஒரே பெயரில் மூன்று பொருள் உலவுகிறது. ஒன்று, மரப்பிசின் பல கோடி ஆண்டு மண்ணுக்குள் கிடந்து கல்லானது. பால்டிக் கடலோரத்தில் கிடைக்கும், மணியாகக் கோத்துப் போடுவார்கள். அதற்கும் சென்ட்டுக்கும் பெரிதாக உறவு இல்லை. இரண்டாவது, ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அம்பர்கிரிஸ். அரபியில் அன்பர், நம் சித்த மருத்துவத்தில் மீனம்பர் என்பது இதுதான். மூன்றாவது எந்த உயிரிலும் இல்லை, அது ஒரு கலவையின் பெயர். லாப்டனம் என்ற மத்தியதரைக் கடல் செடியின் பிசின், சாம்பிராணி, வெனிலா மூன்றும் சேர்ந்தால் வரும் கதகதப்பான இனிப்பு மணம். 1874ல் ஜெர்மனியில் டீமனும் ஹார்மனும் வெனிலினைச் செயற்கையாகச் செய்த பிறகுதான் இந்தக் கலவை மலிந்தது. சாம்பிராணி வாசம் நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம், அதோடு வெனிலாவின் இனிப்பும் சேர்ந்ததால்தான் உங்களுக்குப் பாயச நினைவு வந்திருக்கிறது.

உங்கள் "அம்பர் ஆயில்" இந்த மூன்றாவது வகை. சோப்பு பழுப்பானதே சாட்சி. காரத்திலும் காற்றிலும் வெனிலின் பழுப்பாகும், தடுப்பது கடினம். சோப்பு கெடவில்லை, நிறம் மட்டும்தான் போனது.

வெள்ளைப் பொடி பெரும்பாலும் அம்ப்ராக்ஸன், செடியிலிருந்து எடுத்த பொருளை வைத்துச் செய்யும் அம்பர் வாசனைப் பொருள். டப்பாவின் லேபிளில் சிஏஎஸ் எண், அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள அடையாள எண், போட்டிருப்பார்கள். அது 6790-58-5 என்று இருந்தால் அதேதான். 3738-00-9 என்றால் அதன் நெருங்கிய உறவு, செட்டலாக்ஸ் என்ற பெயரில் விற்பது. பார்த்துச் சொல்லுங்கள்.


சோப்புக்கூடம் | திங்கள், மதியம் 12.05

6790-58-5 என்றுதான் இருக்கிறது. அடியில் சின்ன எழுத்தில். இத்தனை நாள் கண்ணில் படவில்லை.


கடலோடி மகன் | திங்கள், மாலை 6.30

திமிங்கலம் பற்றி நான் சொல்கிறேன், தூத்துக்குடிக்காரன்.

பேப்பரில் "திமிங்கல உமிழ்நீர் கடத்தல்" என்று போடுகிறார்கள் பாருங்கள், அது உமிழ்நீரே இல்லை. வாந்தி என்பதும் சரியில்லை. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் பெரிய தீனி கணவாய். கணவாயின் அலகு கிளி மூக்கு மாதிரி கடினமாக இருக்கும், செரிக்காது. பெரும்பாலும் அதைக் கக்கிவிடும். சில திமிங்கலங்களுக்கு மட்டும் அது குடல் வரை போய் உறுத்தும். அதைச் சுற்றி மெழுகு மாதிரி ஒன்று சேர்ந்து உருண்டையாகும். நூறு திமிங்கலத்தில் ஒன்றிலிருந்து ஐந்துக்குள்தான் இது உண்டாவதாகச் சொல்வார்கள். புதிதாக இருக்கும்போது கறுப்பாக, சாணி நாற்றத்துடன் இருக்கும். வருடக்கணக்கில் உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் மிதந்து மிதந்துதான் சாம்பல் நிறமும் நல்ல மணமும் வரும்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்தத் திமிங்கலம் முதல் அட்டவணையில் இருக்கிறது. அம்பர்கிரிஸை எடுப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம், 3 முதல் 7 வருடம் வரை சிறை. பிரான்ஸ், இங்கிலாந்து மாதிரி நாடுகளில் கரையில் ஒதுங்கியதை எடுத்து விற்கலாம். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இங்கேயும் கோடி ரூபாய் கனவில் விழுகிறார்கள். என் மாமா வலையில் ஒரு தடவை தேங்காய் அளவுக்கு வெள்ளைக் கட்டி வந்தது. ராத்திரி முழுக்க வீட்டில் யாரும் தூங்கவில்லை. காலையில் வனத்துறைக்குச் சொன்னோம், வந்து பார்த்தார்கள், ஏதோ கப்பலிலிருந்து கொட்டிய மெழுகு. ஆனாலும் சொன்னது நல்லதாயிற்று. புரோக்கர் ஒருவன் அதற்குள் வாசலுக்கே வந்துவிட்டான். இந்தப் புரோக்கர் பேச்சை நம்பி மாட்டிக்கொள்வது எப்போதும் கடலுக்குப் போகிற பையன்கள்தான், எனக்கு அதுதான் ஆற்றாமை.

அக்கா, உங்கள் பொடி செடியிலிருந்து வந்தது. நிம்மதியாக இருங்கள்.


மூலக்கூறு | திங்கள், இரவு 9.10

கடலோடி மகன் அழகாகச் சொன்னார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

அம்பர்கிரிஸ் கட்டியில் பெரும்பங்கு அம்ப்ரைன் என்ற பொருள். 1820ல் பிரான்சில் பெல்தியேவும் கவாந்துவும் பிரித்தெடுத்துப் பெயரிட்டார்கள். அதே வருடம் சிங்கோனா பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்த அதே இருவர். வேடிக்கை என்னவென்றால் சுத்தமான அம்ப்ரைனுக்கு மணமே கிடையாது. 30 கார்பன் கொண்ட பெரிய மூலக்கூறு அது. கடலில் மிதக்கும்போது காற்றும் வெயிலும் உப்பும் அதை உடைக்கின்றன. உடைந்து விழும் துண்டுகளுக்குத்தான் மணம். அதில் தலையாயது 16 கார்பன், 28 ஹைட்ரஜன், ஒரே ஒரு ஆக்சிஜன் கொண்ட துண்டு. அதுதான் உங்கள் டப்பாவில் இருப்பது.

அம்ப்ரைனின் அமைப்பை 1946ல் வேதியியலாளர்கள் ருசிக்காவின் குழுவும் லெடரரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். நான்கு வருடம் கழித்து, 1950ல், ஜெனீவாவில் ஃபிர்மெனிஷ் நிறுவனத்தின் ஸ்டோலும் ஹிண்டரும் அந்தத் துண்டைத் திமிங்கலம் இல்லாமலே செய்துவிட்டார்கள். எதிலிருந்து தெரியுமா? கிளாரி சேஜ் என்ற துளசிக் குடும்பத்துச் செடியிலிருந்து. அந்தச் செடியில் ஸ்கிளேரியால் என்ற 20 கார்பன் பொருள் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் அம்ப்ரைனின் ஒரு பக்கத்தை அப்படியே ஒத்திருக்கும். நான்கு கார்பனை வெட்டி, ஒரு வளையத்தை மூடினால் முடிந்தது. திமிங்கலக் குடலுக்கும் ஒரு தோட்டச் செடிக்கும் இப்படி ஒரு ஒற்றுமை இருப்பதை முதலில் படித்தபோது அன்று முழுக்க வேறு வேலையே ஓடவில்லை எனக்கு.

ஃபிர்மெனிஷ் வைத்த பெயர் அம்ப்ராக்ஸ். அம்ப்ராக்ஸன் என்பது ஜெர்மனியின் ஹெங்கெல் நிறுவனம் வைத்த பெயர், இப்போது ஜப்பானின் காவோ நிறுவனத்திடம் இருக்கிறது. பொருள் ஒன்றே. அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் இதற்காகவே கிளாரி சேஜ் வயல்கள் இருக்கின்றன. சமீப வருடங்களில் கரும்புச் சர்க்கரையை ஈஸ்ட்டுக்குக் கொடுத்து, அது செய்யும் பொருளை ஒரு நொதியால் வளையமாக மூடும் வழியும் வந்துவிட்டது. ஜிவோடான் நிறுவனத்தின் அம்ப்ரோஃபிக்ஸ் அப்படித்தான் உருவாகிறது.

அதனால் "செயற்கை" என்று கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். கடல் செய்யும் அதே மூலக்கூறு இது. கலப்படம் இல்லை, போலி இல்லை.


அத்தர்பாய் | செவ்வாய், காலை 7.20

தம்பி மூலக்கூறு, நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

திருவல்லிக்கேணியில் எங்கள் தாத்தா காலத்திலிருந்து அத்தர் கடை. சட்டமெல்லாம் வருவதற்கு முந்திய காலத்துச் சீசா ஒன்று, அம்பரைச் சாராயத்தில் ஊறப்போட்டது, அவர் பெட்டியில் இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது மூடியை மட்டும் முகரக் கொடுப்பார். அதில் கடல் இருந்தது, பழைய மரப்பெட்டி இருந்தது, புகையிலை இருந்தது, கொஞ்சம் மாட்டுத் தொழுவமும் இருந்தது. நீங்கள் சொல்லும் வெள்ளைப் பொடியில் சுத்தமான ஒரு கோடு மட்டும் இருக்கிறது. நாதஸ்வரம் கேட்டவனிடம் சுருதிப்பெட்டியைக் கொடுத்து "இதே சத்தம்தான்" என்பது போல.

கடைக்கு வருகிறவர்களிடம் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன். எங்கள் அம்பர் அத்தர் பிசினும் வெனிலாவும் சந்தனமும் சேர்ந்தது, திமிங்கலம் இல்லை என்று. "அசல் அம்பர்" என்று சொல்லி விற்பவர் இரண்டில் ஒன்று: பொய் சொல்கிறார், அல்லது குற்றம் செய்கிறார்.


மூலக்கூறு | செவ்வாய், காலை 8.45

பாய், நீங்கள் சொல்வது சரி. "அதே மூலக்கூறு" என்றேன். "அதே வாசனை" என்று சொல்லியிருந்தால் தப்பு. நீங்கள் சொன்ன தொழுவ வாசமும் ஈர மண்ணும் அம்ப்ரினால் என்ற வேறொரு துண்டு. புகையிலை வாசம் டைஹைட்ரோ காமா அயனோனுடையது. அம்பர்கிரிஸ் ஒரு கூட்டம். அம்ப்ராக்ஸன் அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசுகிறவர். உங்கள் சுருதிப்பெட்டி உவமையை எடுத்து வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் சென்ட் செய்கிறவர்கள் இதைப் பயன்படுத்துவதும் அப்படித்தான்: அடியில் ஓடவிட்டு, மேலே மற்றதைப் பாடவிடுவது.

அதையே தனியாகப் பாடவிட்டவர்களும் உண்டு. 2008ல் கேசா ஷோன் என்ற சென்ட் தயாரிப்பாளர் வெளியிட்ட மாலிக்யூல் 02 பாட்டிலில் வாசனைப் பொருளாக அம்ப்ராக்ஸன் மட்டும்தான். 2015ல் வந்த டியோர் சவாஜ் என்ற ஆண்கள் சென்ட்டில் அது தூக்கலாக நிற்கிறது. கல்யாண மாப்பிள்ளை போடுவதும் அந்த வகையாகத்தான் இருக்கும்.


நிலாவெளி | செவ்வாய், மதியம் 1.30

நான் இந்த வாசனையால் கஷ்டப்படுகிறவள், அந்தப் பக்கத்தையும் யாராவது பேச வேண்டும்.

அலுவலகத்தில் ஒருவர் லிஃப்ட்டில் போனால் அரை மணி நேரம் கழித்து ஏறினாலும் ஊசி குத்துவது மாதிரி ஒரு காய்ந்த மர வாசம் மூக்கின் உச்சியில் ஏறும். தலைவலி மாலை வரை போகாது. கேட்டால் "அம்பர் நோட்" என்கிறார். அம்ப்ராக்ஸன் தானே இது? சோப்பு வாங்குகிறவர்களில் என்னைப் போன்றவர்களும் இருப்பார்கள். லேபிளில் "பெர்ஃப்யூம்" என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறது, உள்ளே என்ன என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?


மூலக்கூறு | செவ்வாய், மதியம் 3.00

சகோதரி, உங்கள் கேள்வி முக்கியமானது. நீங்கள் சொல்லும் "ஊசி" அம்ப்ராக்ஸனாக இருக்க வாய்ப்பு குறைவு. அது மிருதுவானது. "அம்பர் மரம்" என்று செயற்கை வாசனைப் பொருள்களில் ஒரு தனிக் குடும்பம் இருக்கிறது: நார்லிம்பனால், அம்ப்ரோசெனைட், கரனால், ஆம்பர் எக்ஸ்ட்ரீம். இவை கலவையில் ஒரு சதவீதத்தில் சிறு பங்கு போட்டாலே ஊரைக் கூட்டும். நாள்கணக்கில் துணியில் நிற்கும். மலிவான கலவைகளில் "அதிக நேரம் நிற்கிறது" என்று காட்டிக்கொள்ள இவற்றை அள்ளிப் போடுகிறார்கள், என் பார்வையில் அது சோம்பேறித்தனம். அவற்றில் கரனாலை ஐரோப்பிய ஒன்றியம் 2015ல் கவலைக்குரிய பொருள் பட்டியலில் சேர்த்தது. இயற்கையில் சிதையாமல் நிற்கிறது, உயிர்களின் உடலில் சேர்கிறது என்பது காரணம்.

லேபிள் விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். ஐரோப்பாவில் ஒவ்வாமை தரக்கூடிய வாசனைப் பொருள்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். 2023ல் அந்தப் பட்டியலை 26லிருந்து எண்பதுக்கு மேல் விரித்தார்கள். வெனிலின்கூட அதில் வந்துவிட்டது. கையால் சோப்பு செய்து விற்கிறவர்கள் சட்டம் கேட்கும்வரை காத்திருக்காமல் சேர்த்ததை எல்லாம் அட்டையில் எழுதிவிடலாம். சின்னக் கடைகளால் முடிகிற நல்ல காரியம் இது.


சோப்புக்கூடம் | செவ்வாய், இரவு 8.20

எழுதுகிறேன், நிச்சயம். ஆனால் நான் முகராத பொருளை எப்படிச் சோப்பில் போடுவேன்? சரி, பொடி நல்லது, திமிங்கலம் இல்லை. எனக்கு ஏன் வாசம் வரவில்லை? இன்றைக்கும் முகர்ந்து பார்த்தேன்.


மூலக்கூறு | செவ்வாய், இரவு 9.00

டப்பாவுக்குள் மூக்கை விட்டதுதான் முதல் தப்பு, எல்லோரும் செய்வது. இந்த மாதிரி கனமான மூலக்கூறுகள் மூக்கில் நிறைந்துவிட்டால் மூக்கு சீக்கிரமே கவனிப்பதை நிறுத்திவிடும். தண்ணீரில் நூறு கோடியில் 0.3 பங்கு இருந்தாலே மனித மூக்கு உணரக்கூடிய பொருள் இது. அதைக் கிராம் கணக்கில் முகர்ந்தால் எப்படித் தெரியும்?

0.1 கிராம் பொடியை 9.9 கிராம் ஐசோப்ரோப்பைல் மிரிஸ்டேட் என்ற மணமில்லாத கரைப்பானில் போட்டு, பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திக் கரையுங்கள். பொடி 75 டிகிரி வாக்கில் உருகும், ஆனால் கரைவதற்கு அவ்வளவு சூடு வேண்டாம். டிபிஜி (டைப்ரோப்பைலீன் கிளைக்கால்) என்ற இன்னொரு கரைப்பானில் கரைக்காதீர்கள், கொஞ்சம் அடர்த்தியானாலே சில நாளில் அடியில் படிகம் கட்டிவிடும். இந்த ஒரு சதவீதக் கரைசலில் காகிதக் கீற்றை நனைத்து அறையில் வைத்துவிட்டு வெளியே போங்கள். அரை மணி கழித்து உள்ளே வாருங்கள்.

அப்போதும் வரவில்லையென்றால் இரண்டாவது காரணம் இருக்கிறது. சில மூலக்கூறுகளைச் சிலரால் முகரவே முடியாது, மற்ற வாசனையெல்லாம் நன்றாகத் தெரியும். அம்ப்ராக்ஸனும் ஐஸோ இ சூப்பர் என்ற மர வாசனைப் பொருளும் அந்த வகையில் பேர் போனவை. அது கோளாறு இல்லை, ஒவ்வொருவர் மூக்கும் ஒவ்வொரு விதம். அந்தக் கடைக்காரர் சொன்ன விதம் மிகத் தவறு.


கணக்குவாத்தியார் | புதன், காலை 6.10

"தெரிகிற மாதிரி இருக்கிறது" என்று மனம் ஏமாற்றும். அதனால் இப்படிச் செய்யுங்கள். மூன்று கீற்று. இரண்டில் வெறும் மிரிஸ்டேட், ஒன்றில் கரைசல். வேறொருவர் மாற்றி மாற்றி வைக்கட்டும், நீங்கள் பார்க்காமல் எது வேறு என்று சொல்லுங்கள். ஆறு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து நிமிட இடைவெளி. கண்ணை மூடிச் சொன்னாலே ஆறில் சராசரியாக இரண்டு சரியாக வரும். ஆறும் சரியாக வர, குருட்டு அதிர்ஷ்டத்துக்கு 729ல் ஒரு வாய்ப்புதான். வீட்டில் இருக்கும் எல்லோரையும் செய்யச் சொல்லுங்கள்.


சோப்புக்கூடம் | வெள்ளி, இரவு 9.45

செய்துவிட்டேன். மிரிஸ்டேட் கோயம்புத்தூரிலிருந்து வர இரண்டு நாள் ஆனது.

எனக்கு ஆறில் இரண்டு. என் வீட்டுக்காரருக்கு நான்கு. அம்மாவுக்கு ஆறும் சரி. அறுபத்தெட்டு வயது, கண்ணில் ஆபரேஷன் ஆனவர், கீற்றைத் தொட்டதும் எடுத்து நீட்டிவிட்டார். ஐந்தாவது தடவை "திரும்பத் திரும்ப இதையே ஏன் கேட்கிறாய்" என்று கோபம் வேறு.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "இஸ்திரி போட்ட வேட்டி. வெயிலில் காய்ந்தது. ராமேஸ்வரம் போனபோது உங்கப்பா தோளில் இருந்த துண்டு" என்றார். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. நான் அந்தக் கீற்றை வாங்கித் திரும்பவும் முகர்ந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. இந்த ஒரு தடவை மட்டும் என் மூக்கு மேல் உண்மையாகவே வருத்தமாக இருந்தது.


அத்தர்பாய் | வெள்ளி, இரவு 10.20

அம்மாவுக்கு என் சலாம் சொல்லுங்கள் மகளே. நாற்பது வருடமாக விற்கிறேன், இவ்வளவு சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சுருதிப்பெட்டி என்று நான் எழுதியதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.


மூலக்கூறு | சனி, காலை 8.00

அக்கா, உங்கள் மூக்குக்குப் பதில் அம்மா மூக்கு போதும். பெரிய நிறுவனங்களிலும் ஒருவர் முகர முடியாததை இன்னொருவர் முகர்ந்து சொல்கிறார், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கல்யாணச் சோப்புக்கு இப்படித் தொடங்குங்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு 25 கிராம் வாசனைக் கலவை. அதில் ஒரு கிராம் அம்ப்ராக்ஸன், மீதி லாவெண்டர், எலுமிச்சைப் புல், கொஞ்சம் வெட்டிவேர் எண்ணெய். பொடியை அந்த எண்ணெய்களிலேயே வெதுவெதுப்பில் கரைத்துவிடுங்கள், சாராயம் வேண்டாம், சோப்பு சட்டென்று இறுகிவிடும். அம்ப்ராக்ஸன் ஈதர் வகை என்பதால் காஸ்டிக்கில் சிதையாது, நிறமும் மாறாது. எலுமிச்சைப் புல் ஆறு வாரத்தில் கொஞ்சம் மங்கிவிடலாம். இது அப்படியே நிற்கும். பழுப்பான அந்தச் சோப்புகளையும் தூக்கிப் போடாதீர்கள், "வெனிலா சாம்பிராணி" என்று உண்மைப் பெயர் போட்டு விற்றுவிடலாம்.


சோப்புக்கூடம் | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.30

நூறு சோப்பும் போய்விட்டது. நிறம் பால் வெள்ளை, மாறவில்லை. அட்டையில் சேர்த்ததெல்லாம் எழுதினேன், அம்ப்ராக்ஸன் உட்பட, பக்கத்தில் "கிளாரி சேஜ் செடியிலிருந்து, திமிங்கலப் பொருள் இல்லை" என்று ஒரு வரி. அந்தத் தகவலை மொத்த வியாபாரியிடம் எழுத்தில் வாங்கிய பிறகுதான் போட்டேன். நிலாவெளிக்கு ஒரு கட்டி அனுப்பினேன், தலைவலி வரவில்லை என்று தனிச் செய்தி போட்டிருக்கிறார்.

ஓரம் உடைந்த இரண்டை வீட்டுக்கு வைத்துக்கொண்டோம். அம்மா ஒன்றைக் குளியலறையில் வைக்க விடவில்லை. பீரோவில் அப்பா வேட்டிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார்.